இளவயதுப் பக்கவாதம்: குழாயின் சுவரைப் பார்த்தாயிற்றா?

முப்பத்தைந்து வயதுக்காரருக்குப் பக்கவாதம் என்றால் வீட்டிலும் வார்டிலும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா? கேட்க வேண்டிய கேள்விதான். 18 முதல் 50 வயதுக்குள் வரும் பக்கவாதத்திலும் புகை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. அவற்றை விட்டுவிட்டு நேராக அரிய நோயைத் துரத்துவது அதிகம் படித்தவர்கள் செய்யும் தவறு. சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில்தான். ஈ.சி.ஜி. சரி, எக்கோ சரி, கொலஸ்ட்ரால் சரி. எம்.ஆர்.ஐ.யில் மூளையில் அடைப்பு மட்டும் தெரிகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘காரணம் கண்டறியப்படவில்லை’ என்று எழுதி, ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டினும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் காகிதத்தைப் புரட்டினால் பல நேரம் ஒன்று விடுபட்டிருக்கும். ரத்தக் குழாயின் சுவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மொத்தப் பக்கவாதங்களில் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் இந்த வயதுக்காரர்களுக்கு வருகிறது. முதியவர்களிடம் குழாய்க்குள் கொழுப்பு படிந்து அடைப்பதுதான் வழக்கமான கதை. இளையவர்களிடம் சுவர் கிழிந்திருக்கலாம், இழுத்துப் பிடித்துச் சுருங்கியிருக்கலாம், அழற்சியில் தடித்திருக்கலாம், உள்ளே ஒரு மடிப்பு நீட்டிக்கொண்டிருக்கலாம், பிறவியிலேயே நலிந்திருக்கலாம். எது என்று தெரிந்துகொள்வது அறிவுப்பசிக்காக அல்ல. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றைக் கெடுக்கும். பின்னால் ஸ்டெராய்டு பற்றிச் சொல்லும்போது இது புரியும்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. முதல் சில மணி நேரத்தில் இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். வாய் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல், திடீர் பார்வையிழப்பு, திடீரென்று நிற்க முடியாத தள்ளாட்டம் என்றால் நேரத்தைக் குறித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாய் அடைத்திருந்தால், தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரை கதீட்டர் வழியாகக் கட்டியை வெளியே எடுக்க முடியும். கழுத்துத் தமனி கிழிந்திருக்கலாம் என்ற சந்தேகமே அந்த ஊசியைத் தடுத்துவிடாது. இளையவர்களிடம் நேரம் வீணாவது பெரும்பாலும் வேறு இடத்தில். ‘இந்த வயசில் ஸ்ட்ரோக்கா’ என்று யோசித்து, தலைசுற்றலைக் காதுக் கோளாறு என்றும், கை மரத்ததை மைக்ரேன் அல்லது பதற்றம் என்றும் முடிவுகட்டி வீட்டுக்கு அனுப்புவதில்தான் மணிக்கணக்கு போகிறது. தலைசுற்றலோடு கழுத்து வலி, விக்கல், விழுங்கச் சிரமம், முகத்தில் ஒரு பக்கமும் உடம்பில் மறுபக்கமும் மரத்துப்போதல் என ஏதாவது சேர்ந்தால் அது காது இல்லை. பின்மூளைக்குப் போகும் குழாய்.

படம் எங்கிருந்து எங்கே வரை?

இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். குழாய்களுக்கான சி.டி. ஆஞ்சியோ, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயான மகாதமனியின் வளைவில் தொடங்கி உச்சந்தலையில் முடிய வேண்டும். கோரிக்கைச் சீட்டில் ‘மூளை ஆஞ்சியோ’ என்று மட்டும் எழுதினால் மண்டை ஓட்டுக்குள் இருப்பது மட்டும்தான் படத்தில் வரும். ஆனால் இளையவர்களின் காரணங்களில் பல கழுத்தில் இருக்கின்றன. பெரிய தமனிகளின் அழற்சியான தகயாசு நோய் வளைவிலும் தோள்பட்டைத் தமனியிலும் தொடங்கும். கழுத்தின் முன்பக்கத் தமனியான கரோட்டிடில் வரும் மடிப்பு தாடைக்குக் கீழே, குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கும். பிடரி வழியாகப் பின்மூளைக்குப் போகும் வெர்டிப்ரல் தமனியின் கிழிசல் கழுத்தெலும்பின் முதல் இரண்டு கண்ணிகளைச் சுற்றி வளையும் இடத்தில் இருக்கும்.

‘கழுத்து டாப்ளர் (ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுத்தாச்சே’ என்று சொல்வார்கள். டாப்ளருக்கு மேலே தாடையெலும்பு மறைக்கும், கீழே காறையெலும்பு மறைக்கும். நடுவில் உள்ள சில சென்டிமீட்டரைத்தான் அது நன்றாகப் பார்க்கிறது. கொழுப்புப் படிவு அந்த இடத்தில்தான் வரும் என்பதால் முதியவர்களுக்கு அது பொருத்தமான பரிசோதனை. இளையவரின் டாப்ளர் இயல்பு என்று வந்தால், அந்தச் சில சென்டிமீட்டர் இயல்பு என்று மட்டும் படியுங்கள்.

கிழிசல்

50 வயதுக்குட்பட்டவர்களின் பக்கவாதத்தில் ஐந்தில் ஒன்று வரை கழுத்துத் தமனியின் உட்கிழிசலால் வருகிறது. மருத்துவர்கள் டிசெக்‌ஷன் என்பார்கள். மொத்த மக்கள்தொகைக் கணக்கில் இது அரிது. இந்த வயதில் அரிதே இல்லை.

தமனிச் சுவர் மூன்று அடுக்கு. உள்ளடுக்கில் சின்னக் கிழிசல் விழுந்து ரத்தம் அடுக்குகளுக்கு இடையே புகுந்துகொள்கிறது. அல்லது சுவருக்கு உணவூட்டும் நுண்குழாயே வெடித்து அங்கே ரத்தம் கட்டுகிறது. அந்தக் கட்டு உள்பக்கமாகப் பிதுங்கினால் குழாய் குறுகும். வெளிப்பக்கமாகப் பிதுங்கினால் பை போல வீங்கும். சேதமடைந்த உள்சுவரில் உறைவு படிந்து, துணுக்காகப் பிய்ந்து மூளைக்குப் போகிறது. பெரும்பாலான பக்கவாதம் இந்தத் துணுக்கினால்தான், குழாய் குறுகுவதால் அல்ல. அதனால் குழாய் பாதிக்கு மேல் திறந்திருந்தாலும் ஆபத்து இருக்கிறது.

தூண்டுதல் அற்பமாக இருக்கும். கழுத்தைச் சொடக்கு எடுப்பது, முடி கழுவத் தலையைப் பின்னால் சாய்த்து வெகுநேரம் வைத்திருப்பது, பாரம் தூக்குவது, அடக்க முடியாத இருமல். பலருக்கு எதுவுமே ஞாபகம் இருக்காது. சமீபத்தில் ஒரு தொற்று, மைக்ரேன் பழக்கம், ரத்த அழுத்தம் ஆகியவை பின்னணியில் இருப்பதுண்டு. இணைப்புத்திசு நோய் சிறுபான்மையினருக்குத்தான் இருக்கும். ஆனாலும் தோலில் நரம்பு பளிச்சென்று தெரிகிறதா, சுலபமாகக் கன்றிப்போகிறதா, குடும்பத்தில் யாருக்காவது குடலோ கருப்பையோ மகாதமனியோ திடீரென வெடித்ததா என்று கேட்க வேண்டும். ஆம் என்றால் அது இரத்தக்குழாய் வகை எலர்ஸ்-டான்லோஸாக இருக்கலாம். கோல்3ஏ1 மரபணுக் கோளாறு. அவர்களுக்கு கதீட்டர் நுழைத்து ஆஞ்சியோ எடுப்பதே குழாயைக் கிழிக்கக்கூடும்.

வலிதான் முதல் தடயம். கரோட்டிட் கிழிந்தால் கழுத்தின் முன்பக்கம், தாடை, கண்ணைச் சுற்றி. வெர்டிப்ரல் கிழிந்தால் பிடரி. ஒரே பக்கம், ‘இப்படி ஒரு வலி முன்னே வந்ததில்லை’ என்பார்கள். வலிக்கும் பக்கவாதத்துக்கும் நடுவே சில மணி நேரமோ சில நாளோ இடைவெளி இருக்கும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் முடிவு தெரிந்துவிடும். பக்கவாதத்தைத் தடுக்கக் கிடைக்கும் வாய்ப்பு அந்த இடைவெளிதான். அதைத் தைலம் தேய்த்தும், கழுத்தைப் பிடித்துவிட்டும் கழிப்பது எவ்வளவு ஆபத்து என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணைப் பார்க்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. கரோட்டிட் தமனியைச் சுற்றிக் கொடிபோல ஏறும் பரிவு நரம்பு (சிம்பதெடிக்) இழைகள், சுவர் வீங்கும்போது நசுங்கும். அந்தப் பக்க இமை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறங்கும், கண்மணி சிறுக்கும். பகல் வெளிச்சத்தில் இரண்டு கண்மணியும் சிறியதாகவே இருப்பதால் வித்தியாசம் தெரியாது. அறை விளக்கை அணைத்து, கீழிருந்து மெல்லிய வெளிச்சம் காட்டிப் பாருங்கள். நல்ல கண்மணி ஐந்து விநாடிக்குள் விரிந்துவிடும். கெட்டது பின்தங்கி, பதினைந்து விநாடி வரை எடுத்துக்கொள்ளும். இருட்டில் வித்தியாசம் கூடினால் கோளாறு சிறிய கண்மணியில். வெளிச்சத்தில் கூடினால் கோளாறு பெரியதில். பாடப்புத்தகம் மூன்றாவதாகச் சொல்லும் ‘வியர்வை இல்லாமை’ இங்கே பெரும்பாலும் இருக்காது. முகத்து வியர்வைக்கான இழைகள் வெளிக் கரோட்டிட் வழியாகப் போய்விடுவதே காரணம். இந்த அறிகுறித் தொகுப்புக்கு ஹார்னர் என்று பெயர்; மூன்றும் இருந்தால்தான் ஹார்னர் என்று காத்திருப்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள். இதோடு காதுக்குள் நாடித் துடிப்புக்கு ஏற்ப ‘உஸ் உஸ்’ என்று கேட்பதையும் கேட்டு வாங்க வேண்டும். நோயாளி தானாகச் சொல்ல மாட்டார்.

படத்தில் என்ன தெரியும்? சி.டி. ஆஞ்சியோவில் குழாய் தீச்சுடர் போலக் கூர்ந்து மறையும், அல்லது நூல் போல மெலிந்து மேலே போகும். இடம் முக்கியம்: கரோட்டிட் பிரியும் இடத்துக்கு 2 சென்டிமீட்டருக்கு மேலே என்றால் கிழிசலை நினை, பிரியும் இடத்திலேயே என்றால் கொழுப்பை நினை. உறுதி செய்ய, கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கிய டி1 எம்.ஆர்.ஐ. குறுக்குவெட்டுப் படத்தில் நடுவே கறுப்பாக ரத்தம் ஓடும் சிறு வட்டம், அதை ஒருபுறம் அணைத்தபடி வெள்ளைப் பிறை. அந்தப் பிறைதான் சுவருக்குள் கட்டிய ரத்தம். கொழுப்பை அடக்கச் சொல்லாவிட்டால், தமனியைச் சுற்றியுள்ள கொழுப்பும் வெள்ளையாகத் தெரிந்து பிறையை விழுங்கிவிடும். இன்னொரு கண்ணி: முதல் இரண்டு மூன்று நாளில் அந்த ரத்தம் வெள்ளையாக மாறியிருக்காது. அன்றைக்கு எடுத்த படம் இயல்பு என்றால், சந்தேகம் வலுவாக இருந்தால், ஒரு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும்.

மருந்தில் ஆஸ்பிரின் வகையா, வார்ஃபரின் போன்ற உறைதல் தடுப்பான் வகையா என்ற விவாதம் இன்னும் முழுசாக ஓயவில்லை. 2015இல் வெளியான காடிஸ் ஆய்வில் 250 பேர். மூன்று மாதத்தில் ஆஸ்பிரின் வகை எடுத்தவர்களில் 2 சதவீதம், உறைதல் தடுப்பான் எடுத்தவர்களில் 1 சதவீதம் பேருக்குப் பக்கவாதம் வந்தது. வித்தியாசம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது, அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை: படங்களை நிபுணர்கள் மறுபடி பார்த்தபோது 52 பேருக்குக் கிழிசலே உறுதியாகவில்லை. கிழிசல் இருந்தும் தவறவிடுவதைப் போலவே இல்லாததைக் கிழிசல் என்பதும் நடக்கிறது. 2021இல் வந்த ட்ரீட்-காட் ஆய்வு, ஆஸ்பிரின் வார்ஃபரின் வகைக்குக் குறைந்ததல்ல என்று நிரூபிக்க முயன்று நிரூபிக்க முடியாமல் நின்றது. நடைமுறையில் குழாய்க்குள் உறைவு மிதந்தால், அடிக்கடி சிறு பக்கவாதம் வந்தால், மூளையில் பெரிய சேதம் இல்லாவிட்டால் உறைதல் தடுப்பான் பக்கம் சாய்வார்கள். மற்றவர்களுக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல். கிழிசல் மண்டை ஓட்டுக்குள் நீண்டிருந்தால் கணக்கு மாறும். அங்கே சுவர் மெல்லியது, வெடித்து மூளையைச் சுற்றி ரத்தம் கசியலாம். மூன்று முதல் ஆறு மாதம் மருந்து, அதுவரை கழுத்தைச் சொடக்கவும் பாரம் தூக்கவும் மோதல் விளையாட்டுக்கும் தடை. கழுத்தில் எஞ்சி நிற்கும் பை வீக்கம் வெடிப்பது மிக அரிது. அதைப் பார்த்துப் பயந்து அவசரமாக ஸ்டென்ட் வைக்கத் தேவையில்லை.

மடிப்பும் மணிமாலையும்

கரோட்டிட் மடிப்பு, அதாவது கரோட்டிட் வெப், பெயரே தெரியாமல் பல காலம் கிடந்த ஒன்று. கரோட்டிட் குமிழின் பின்சுவரிலிருந்து அலமாரித் தட்டு போல மெல்லிய திட்டு ஒன்று உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். குழாயை அது அடைக்காது. அதன் மேல்பக்கத்தில் ரத்தம் சுழன்று தேங்கும். தேங்கிய இடத்தில் உறைவு. உறைவு ஒருநாள் மேலே போகும். குறுகல் சதவீதத்தை மட்டும் பார்த்து எழுதும் ரிப்போர்ட்டில் ‘குறிப்பிடத்தக்க குறுகல் இல்லை’ என்று வந்துவிடும். சொன்னது பொய்யில்லை, ஆனால் பயனும் இல்லை. சி.டி. ஆஞ்சியோவைப் பக்கவாட்டு வெட்டில் பார்த்தால் தட்டு தெரியும், குறுக்குவெட்டில் குழாயை இரண்டாகப் பிரிக்கும் மெல்லிய கோடாகத் தெரியும். எப்போது சந்தேகிக்க வேண்டும் என்றால், எல்லா அடைப்பும் ஒரே பக்கக் கரோட்டிடின் எல்லைக்குள் திரும்பத் திரும்ப வரும்போது. மாத்திரை மட்டும் எடுத்தால் மறுபடி வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் ஸ்டென்ட் அல்லது அறுவை பற்றிப் பேசுவது நியாயம்.

இந்த மடிப்பை நார்த்தசைப் பிறழ்வு எனப்படும் எஃப்.எம்.டி.யின் ஒரு வகையாகவே கருதுகிறார்கள். அதன் வழக்கமான உருவம் மணிமாலை: ஒரு குறுகல், ஒரு வீக்கம், மறுபடி குறுகல். நடுவயதுப் பெண்களிடம் அதிகம். சிறுநீரகத் தமனியிலும் இருக்கும் என்பதால், கழுத்தில் கண்டால் ஒருமுறை தலை முதல் இடுப்பு வரை குழாய்களைப் பார்த்துவிட வேண்டும்.

இடிபோல் வரும் தலைவலி

ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் தலைவலி என்றால் முதலில் மூளைக் குழாய் வீக்கம் வெடித்த ரத்தக்கசிவை விலக்க வேண்டும். விலக்கியாயிற்று, ஆனால் அதே இடி மறுநாள் குளிக்கும்போது வருகிறது, இரண்டு நாள் கழித்து மலம் கழிக்க முக்கும்போது வருகிறது, உடலுறவின்போது வருகிறது, இப்படி ஒன்றிரண்டு வாரம் திரும்பத் திரும்ப அடிக்கிறது என்றால் அது ஏறக்குறைய ஒரே நோய்தான். ஆர்.சி.வி.எஸ்., மீளக்கூடிய மூளைத் தமனிச் சுருக்கம். சுவரில் அழற்சி இல்லை. சுவரின் தசை கட்டுப்பாடு இழந்து இழுத்துப் பிடிக்கிறது.

தூண்டுவது எது என்று மருந்துப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின், மைக்ரேனுக்கான ட்ரிப்டான், மனச்சோர்வுக்கான எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரைகள், கஞ்சா, கொக்கெய்ன். பிரசவத்துக்குப் பிந்தைய முதல் வாரங்களும் இதற்குப் பேர்போனவை. சளிக்கு வாங்கிய மாத்திரையை யாரும் ‘மருந்து’ என்று கணக்கில் சொல்வதில்லை. பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

இங்கேயும் முதல் படம் ஏமாற்றும். சுருக்கம் சிறு கிளைகளில் தொடங்கிப் பெரிய குழாய்க்கு நகர்வதால், முதல் வாரத்தில் எடுத்த ஆஞ்சியோ முற்றிலும் இயல்பாக இருக்கலாம். இரண்டாம் மூன்றாம் வாரத்தில்தான் மணிமாலை தெரியும். சிக்கலும் அதே வரிசையில் வருகிறது: மூளையின் மேற்பரப்பில் மெல்லிய ரத்தக்கசிவு முதல் வாரத்தில், அடைப்புப் பக்கவாதம் அதற்குப் பின். தலைவலி குறைந்துவிட்டது என்று நிம்மதியாகும் நேரத்தில் கை விழுவது இதனால்தான்.

இதே மணிமாலையை மூளைத் தமனி அழற்சியும் காட்டும். மருந்து கெடுப்பது இங்கேதான். அழற்சி என்றால் ஸ்டெராய்டும், நோய் எதிர்ப்பை அடக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் வேண்டும். சுருக்க நோயில் ஸ்டெராய்டு கொடுத்தவர்களின் நிலைமை மோசமாவது பதிவாகியிருக்கிறது. எப்படிப் பிரிப்பது? இந்தப் படத்தை மட்டும் வைத்து அல்ல, முதலில் கதையை வைத்து. அழற்சியில் தலைவலி மந்தமாக, வாரக்கணக்கில் ஏறும். ஞாபகம் தடுமாறும், சுபாவம் மாறும், பழையதும் புதியதுமான அடைப்புகள் மூளையில் சிதறிக் கிடக்கும். முதுகுத்தண்டு நீரில் செல்களும் புரதமும் ஏறியிருக்கும். சுருக்க நோயில் நீர் ஏறக்குறைய இயல்பு. சுவரை நேரடியாகக் காட்டும் உயர்துல்லிய எம்.ஆர்.ஐ.யில் அழற்சி பிடித்த சுவர் சுற்றிலும் சாயத்தை உறிஞ்சி மின்னும். சுருக்கத்தில் சுவர் தடித்தாலும் சாயம் பெரிதாக ஏறாது. அழற்சியை உறுதியாகச் சொல்ல மூளைத்திசு பயாப்ஸி வேண்டும், அதுவும் நோயில்லாத துண்டை வெட்டிவிட்டால் பொய் சொல்லும். சுருக்க நோய்க்குத் தூண்டும் மருந்தை நிறுத்துவதும் ஓய்வும் மலச்சிக்கல் வராமல் பார்ப்பதும்தான் அடிப்படை. குழாயைத் தளர்த்தும் நிமோடிபின் அல்லது வெரபமில் சேர்ப்பார்கள், தலைவலி குறைகிறது, ஆனால் பக்கவாதத்தைத் தடுக்கிறது என்று நிரூபணம் இல்லை. கதை இடிபோல் தொடங்கியிருந்தால், ஸ்டெராய்டு ஊசியைக் கையில் எடுக்கும் முன் ஒரு வாரம் பொறுப்பது பெரும்பாலும் சரியான முடிவு.

இரண்டு கையிலும் பிரஷர்

தகயாசு அழற்சியைக் கண்டுபிடிக்க முதலில் வேண்டியது ஸ்கேன் இல்லை, பிரஷர் பட்டை. 1908இல் ஜப்பானிய கண் மருத்துவர் மிகிதோ தகயாசு விழித்திரைக் குழாய்கள் மாலைபோல் சுற்றியிருப்பதை விவரித்ததிலிருந்து இந்த நோய்க்கு அவர் பெயர். பெரும்பாலும் 40 வயதுக்குட்பட்ட பெண்கள். மகாதமனியும் அதன் பெரிய கிளைகளும் தடித்துக் குறுகும். துணி துவைத்தாலோ தலை வாரினாலோ கை சோர்ந்து வலிக்கிறது, காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது, எடை குறைகிறது என்று மாதக்கணக்கில் அலைந்திருப்பார்கள்.

இரண்டு கையிலும் அளந்து மேல் அழுத்தத்தில் 10 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுபடி அளக்க வேண்டும், 20 என்றால் படம் எடுக்காமல் விடக்கூடாது. இரண்டு கைக் குழாயும் ஒருசேரக் குறுகியிருந்தால் என்னாகும்? இரண்டிலும் ஒரே மாதிரி குறைவாகக் காட்டும். உள்ளே மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் உண்மையான அழுத்தம் 180இல் நிற்கும். அதனால் காலிலும் அளக்க வேண்டும். காறையெலும்புக்கு மேலே ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் சீறல் கேட்கும். அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இயல்பாக இருப்பதால் நோய் அடங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. அடங்காத நோயில் ஸ்டென்ட் வைத்தால் சீக்கிரமே மறுபடி அடைத்துக்கொள்ளும். முதலில் ஸ்டெராய்டு, மீத்தோட்ரெக்சேட் போன்றவற்றால் அழற்சியை அடக்க வேண்டும்.

மோயாமோயாவுக்கு வருவோம். மண்டை ஓட்டுக்குள் உள்கரோட்டிட் முடியும் இடம் இரண்டு பக்கமும் மெல்ல மெல்லக் குறுகும். ஈடுகட்ட அடிமூளையில் நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்கள் முளைக்கும். ஆஞ்சியோவில் அது புகைமூட்டம் போலத் தெரிய, 1969இல் சுசூகியும் தகாகுவும் ஜப்பானிய மொழியில் அந்தப் பெயரையே வைத்தார்கள். கிழக்காசியாவில் ஆர்.என்.எஃப்.213 மரபணு மாற்றம் பின்னணியில் இருக்கிறது. ஐந்து முதல் பத்து வயதில் ஒரு உச்சம், நடுவயதில் இன்னொரு உச்சம். சிறுவர்களுக்கு அடைப்பு, பெரியவர்களுக்கு அந்த மெல்லிய குழாய்கள் வெடித்து ரத்தக்கசிவும் வரலாம்.

தடயம் மூச்சில் இருக்கிறது. அழுது விம்மியபோது, சூடான நூடுல்ஸை ஊதி ஊதிச் சாப்பிட்டபோது, புல்லாங்குழல் வாசித்தபோது கை சில நிமிடம் விழுந்து எழுந்தது என்றால் இதை நினைக்க வேண்டும். வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும், மூளைக் குழாய்கள் சுருங்கும். ஏற்கெனவே பற்றாக்குறையாக ஓடும் இடத்தில் ரத்தம் வற்றிவிடும். இதே காரணத்தால் இவர்களுக்கு எந்த அறுவை என்றாலும் மயக்க மருத்துவர் மூச்சுக்கருவியை வேகமாக ஓட்டக்கூடாது, அழுத்தம் இறங்க விடக்கூடாது, முந்தின நாள் பட்டினியில் நீர் வற்ற விடக்கூடாது. மாத்திரை நோயை நிறுத்தாது. பொட்டுத் தமனியை எடுத்து மூளைத் தமனியோடு நேராகத் தைப்பது, அல்லது மூளை மேற்பரப்பில் படுக்க வைத்துப் புதுக் குழாய் முளைக்க விடுவது என்று அறுவை இரண்டு வகை. முதலாவது உடனே ரத்தம் கொடுக்கும். இரண்டாவதற்கு மாதங்கள் ஆகும், சிறுவர்களுக்கு நன்றாகப் பிடிக்கும்.

சிரைப் பக்கம்

தமனியையே பேசிக்கொண்டிருந்தால் சிரை மறந்துபோகும். மூளையிலிருந்து ரத்தம் வடியும் சைனஸ் சிரைகளில் உறைவு ஏற்படுவது மொத்தப் பக்கவாதத்தில் ஒரு சதவீதத்தை எட்டாது. ஆனால் வருபவர்களில் நான்கில் மூன்று பங்கு பெண்கள், பெரும்பாலும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், பிரசவமானவர்கள். தலைவலி நாட்கணக்கில் ஏறும், படுத்தால் கூடும், பார்வை மங்கும், வலிப்பு வரும். சாதா சி.டி. பலருக்கு இயல்பாகவே இருக்கும். படத்தில் அடைப்பு எந்தத் தமனியின் எல்லைக்கும் பொருந்தவில்லை, நடுக்கோட்டை ஒட்டி இரண்டு பக்கமும் இருக்கிறது, உள்ளே ரத்தமும் கலந்திருக்கிறது என்றால் சிரையைப் படமெடுக்க வேண்டும். உறைவைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான டி-டைமர் இயல்பு என்பதை நம்பி விட்டுவிடக்கூடாது.

சிகிச்சையில் எல்லோரும் தயங்கும் இடம்: மூளையில் ரத்தம் தெரிகிறது, உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி கொடுக்கலாமா? கொடுக்க வேண்டும். அந்த ரத்தம் வடிகால் அடைத்து மேலே தேங்கிக் கசிந்தது. அடைப்பு போனால்தான் கசிவு நிற்கும். பிறகு மாத்திரை வடிவில், தற்காலிகக் காரணம் என்றால் 3 முதல் 6 மாதம், காரணம் புலப்படாவிட்டால் 6 முதல் 12 மாதம். கருத்தடைக்கு ஈஸ்ட்ரஜன் இல்லாத வழிக்கு மாற வேண்டும்.

மிச்சமிருப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெற்றியிலோ கண்ணைச் சுற்றியோ அக்கி வந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து அதே பக்க மூளையில் அடைப்பு வந்தால் வேரிசெல்லா வைரஸ் தமனியைப் பிடித்திருக்கிறது. முதுகுத்தண்டு நீரில் பி.சி.ஆர். நெகடிவ் என்று விடாமல், அதே நீரில் எதிர்ப்பொருளும் பார்க்க வேண்டும். அசைக்ளோவிர் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், எட்டு மணிக்கொருமுறை, சிரை வழியாக 14 நாள். காசநோய் மூளைக்காய்ச்சலும் சிபிலிஸும் குழாயைக் குறுக்கும். இரண்டையும் கேட்காமல் விடக்கூடாது. சிறுவயதிலிருந்து உள்ளங்கை உள்ளங்கால் எரிச்சல், வியர்வைக் குறைவு, சிறுநீரில் புரதம் என்றால் ஃபேப்ரி என்ற மரபு நோய். ஆணுக்கு நொதிப் பரிசோதனை போதும். பெண்ணுக்கு நொதி இயல்பாகவும் இருக்கலாம், மரபணுவைத்தான் பார்க்க வேண்டும். ஒளிக்கீற்றோடு மைக்ரேன், குடும்பத்தில் நடுவயதுப் பக்கவாதம், மறதி, எம்.ஆர்.ஐ.யில் பொட்டு மடலின் முன்முனையில் வெள்ளைத் திட்டு: காடசில், நாட்ச்3 மரபணு. தோலில் வலைபோல நீலச் சிவப்புக் கோடுகள் நிரந்தரமாக இருந்தால் ஸ்னெடன் நோய், கூடவே ரத்தத்தை உறையச் செய்யும் ஆன்டிஃபாஸ்ஃபோலிப்பிட் எதிர்ப்பொருளையும் பார்க்க வேண்டும். அதே வலையோடு சிறுவயதிலேயே காய்ச்சலும் ஆழ்மூளைச் சிறு அடைப்புகளும் என்றால், 2014இல் அடையாளம் காணப்பட்ட டாடா2 என்ற மரபணு நோய், இதற்கு அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். புரதத்தைத் தடுக்கும் மருந்துதான் பலன் தரும், ஆஸ்பிரின் ரத்தக்கசிவைத் தூண்டலாம். பார்வையில் திடீர் ஓட்டை, காது மந்தம், குழப்பம் மூன்றும் சேர்ந்தால் சுசாக் நோய்.

ரத்தப் பரிசோதனையில் ஒரு நடைமுறைத் தவறு அடிக்கடி நடக்கிறது. ஆன்டிஃபாஸ்ஃபோலிப்பிட் நோய்க்கான பரிசோதனைகளில் ஒன்றான லூபஸ் ஆன்டிகோயகுலன்ட்டுக்கான மாதிரியை ஹெப்பாரின் தொடங்கிய பிறகு எடுக்கிறார்கள், முடிவு குழம்பிவிடும். மருந்துக்கு முன் எடுக்க வேண்டும். பாசிட்டிவ் வந்தாலும் 12 வாரம் கழித்து மறுபடி பாசிட்டிவ் வந்தால்தான் நோய் என்று பெயர். இந்த நோய்க்கான மூன்று ரத்தப் பரிசோதனையும் பாசிட்டிவ் என்றால் வார்ஃபரின்தான். புதுவகை மாத்திரைகள் அங்கே கைகொடுக்கவில்லை.

வீட்டுக்குப் போகும்போது ரிப்போர்ட்டோடு படங்கள் பதிவான குறுவட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது படம் எடுக்கும்போது முதல் படம் பக்கத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் இந்த நோய்களில் பாதிக்கு விடை ஒப்பீட்டில்தான் இருக்கிறது. 12 வாரத்தில் மணிமாலை மறைந்திருந்தால் அது சுருக்கம். 3 முதல் 6 மாதத்தில் நூல்போல் இருந்த குழாய் திறந்திருந்தால் அது கிழிசல், மருந்தைக் குறைப்பது பற்றிப் பேசலாம். அதே இடத்தில் தட்டு அசையாமல் நிற்கிறதா, அது மடிப்பு. குறுகல் கூடியிருக்கிறதா, மோயாமோயாவையும் அழற்சியையும் மறுபடி தொடக்கத்திலிருந்து கேட்க வேண்டும்.